ரெயிலில் வந்த நீர்மூழ்கிக் கப்பல்கள்!

மதுரையில் கடல் கிடையாது. ஆனால் கடல் இல்லாமல் மதுரை இல்லை!

ராமேசுவரத்திலும், பாம்பனிலும், தூத்துக்குடியிலும் இரவெல்லாம் வலை இழுத்துப் பிடித்த மீன் லாரி ஏறி மதுரைக்கு வருகிறது. சோற்றில் போடும் உப்பு தூத்துக்குடி உப்பளத்தில் விளைகிறது. மதுரையில் இருந்து தூத்துக்குடித் துறைமுகம் சுமார் 150 கிலோமீட்டர் தூரம்தான். அந்தக் காலத்திலும் இதே கதைதான். பாண்டிய மன்னர்கள் மதுரையில் இருந்து ஆண்டார்கள். அவர்களுடைய முத்துத் துறைமுகம் கொற்கையில் இருந்தது.

ஆகவே, கடலில் ஓர் ஆபத்து என்றால் அது மதுரை வீட்டு அடுப்பையும் தொடும்.

2025-ம் ஆண்டில் இந்தியக் கடற்படையில் புதுவிதமான கப்பல்கள் சேர்ந்தன. ஜூன் 18-ந்தேதி "அர்னாலா" விசாகப்பட்டினத்தில் சேர்ந்தது. அக்டோபர் 6-ந்தேதி "ஆந்த்ரோத்" சேர்ந்தது. நவம்பர் 24-ந்தேதி மும்பையில் "மாஹே" சேர்ந்தது.

இவை பெரிய போர்க்கப்பல்கள் அல்ல. நீளம் 80 மீட்டர்கூட இல்லை. ஆனால் இவற்றுக்கு ஒரு தனி வேலை உண்டு. கரையை ஒட்டிய, ஆழம் குறைந்த கடலில் பதுங்கி இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிப் பிடிப்பதே அந்த வேலை. இப்படி 16 கப்பல்கள் கட்ட 2019-ல் ஒப்பந்தம் ஆனது. செலவு சுமார் 12,600 கோடி ரூபாய்!

கரை ஓரத்தில் நீர்மூழ்கி வருமா? அதற்கு ஆழமான நடுக்கடல் அல்லவா வேண்டும்? இவ்வளவு பணம் எதற்கு?

நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டுமானால் நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு அதிர்ச்சி

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அன்று இரவு சென்னைக் கடலில் ஜெர்மனியின் "எம்டன்" கப்பல் வந்து நின்றது. சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்துக்கு அருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுடன் ஊரை விட்டு ஓடினார்கள். இன்றுகூடப் பொல்லாத ஆளைப் பார்த்தால் "அவன் சரியான எம்டன்" என்கிறார்களே, அந்தச் சொல் அன்று பிறந்ததுதான்!

இது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த கதை. ஆனால் அதே நாள் காலையில், ஐரோப்பாவில் ஹாலந்து நாட்டுக் கரைக்கு அப்பால் இன்னொன்று நடந்தது.

அங்கே பிரிட்டனின் மூன்று பெரிய போர்க்கப்பல்கள் காவல் சுற்றிக்கொண்டு இருந்தன. ஒவ்வொன்றும் 12 ஆயிரம் டன் எடை. திடீரென்று ஒரு கப்பல் வெடித்தது. அதில் இருந்தவர்களைக் காப்பாற்ற இரண்டாவது கப்பல் நெருங்கியது. அதுவும் வெடித்தது. மூன்றாவதும் தப்பவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் மூன்றும் மூழ்கிவிட்டன. 1,459 பேர் மாண்டார்கள்.

அடித்தது யார்? "யு-9" என்ற ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி. அதற்குள் இருந்தவர்கள் 30 பேருக்கும் குறைவு!

உலகம் திகைத்தது. பெரிய கப்பலைக் கட்ட மூன்று வருஷம் ஆகும், கோடிக்கணக்கில் செலவாகும். சின்ன நீர்மூழ்கி அதை ஒரு நொடியில் அழித்துவிடும் என்று அன்றுதான் எல்லாருக்கும் புரிந்தது.

வேகனில் ஏறிய கப்பல்

அடுத்த மாதமே பெல்ஜியம் நாட்டின் கடற்கரை ஜெர்மனியின் கையில் விழுந்தது. எதிரே கூப்பிடு தூரத்தில் இங்கிலாந்து! நடுவில் இருந்ததோ குறுகலான, ஆழம் குறைந்த கடல்.

அங்கே தாக்குவதற்குச் சின்ன நீர்மூழ்கி போதும் என்று ஜெர்மனி முடிவு செய்தது. ஆனால் கடல் வழியாகக் கொண்டுபோனால் பிரிட்டிஷ்காரர்கள் பார்த்துவிடுவார்கள். என்ன செய்வது?

ரெயிலில் ஏற்றினால் என்ன!

அப்படிப் பிறந்ததுதான் "யூபி" என்ற கரையோர நீர்மூழ்கி. 1914 அக்டோபரில் உத்தரவு போட்டார்கள். 1915-ம் ஆண்டு தொடக்கத்திலேயே முதல் கப்பல் தண்ணீரில் இறங்கிவிட்டது. கீல், பிரெமன் என்ற இரண்டு ஊர்களில் கட்டினார்கள். பிறகு துண்டு துண்டாகப் பிரித்து ரெயில் வேகன்களில் ஏற்றி, பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி பொருத்தி, வாய்க்கால் வழியாகக் கடலுக்கு விட்டார்கள்.

அதன் நீளம் 28 மீட்டர். எடை 127 டன். உள்ளே 14 பேர். அகலம் சுமார் 10 அடி. அதற்குள்ளேயே எந்திரம், மின்கலம், குண்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாம்! டீசல் எந்திரத்தின் சக்தி 60 குதிரைத்திறன். இன்று வயலில் உழுகிற பெரிய டிராக்டருக்கு அவ்வளவு சக்தி உண்டு. வேகம் மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். சைக்கிளில் போகிறவர் அதை முந்திவிடுவார்!

கையில் இருந்த பெரிய ஆயுதம், தண்ணீருக்குள் பாய்ந்து சென்று வெடிக்கும் டார்ப்பிடோ குண்டு. அதுவும் இரண்டே இரண்டு.

குடமும் நீர்மூழ்கியும்

இரும்புக் கப்பல் எப்படி மூழ்குகிறது? எப்படி மறுபடி மிதக்கிறது? கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பெண்களுக்கு இது எளிதில் விளங்கும்.

காலிக் குடம் கிணற்றில் மிதக்கும். சாய்த்தால் தண்ணீர் புகும். குடம் உள்ளே போகும். நீர்மூழ்கியிலும் அப்படித்தான். அதன் பக்கங்களில் பெரிய தொட்டிகள் உண்டு. கடல் நீரை உள்ளே விட்டால் கப்பல் மூழ்கும். மேலே வர வேண்டுமானால், அழுத்தி அடைத்து வைத்த காற்றைத் தொட்டிக்குள் திறந்துவிடுவார்கள். காற்று தண்ணீரை வெளியே தள்ளும். கப்பல் மிதக்கும்.

தண்ணீருக்குள் டீசல் எந்திரத்தை ஓட்ட முடியாது. அதற்குக் காற்று வேண்டும். ஆகவே உள்ளே மின்கலத்தால் ஓடும். மின்சாரம் தீர்ந்தால் மேலே வந்துதான் ஆக வேண்டும். யூபி கப்பல், தண்ணீருக்குள் மெதுவாகப் போனால்கூட சுமார் 80 கிலோமீட்டர்தான் போகும்.

அதற்குக் குறைகள் நிறைய இருந்தன. நீரோட்டம் வேகமாக இருந்தால் எதிர்த்துப் போகத் திணறும். குண்டு ஒன்றை விட்டதும் முன்புறம் எடை குறைந்து, மூக்கு மேலே எழும்பிவிடும். ஒளிந்திருந்த கப்பல் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்!

இவ்வளவு குறைகள் இருந்தும் அது பயந்து நடுங்க வைத்தது. ஏன்? எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஆபத்துக்கு எல்லா இடத்திலும் காவல் போட வேண்டும்.

முதலில் அடிபட்டவர்கள் யார்?

இந்தச் சின்ன நீர்மூழ்கிகள் யாரை அடித்தன? போர்க்கப்பல்களை மட்டும் அல்ல. பாவம், மீன்பிடிப் படகுகளை!

1915-ம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பாய் விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்த படகுகளை அவை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தன. போர் முடிவதற்குள் பிரிட்டனின் 600-க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் எதிரியால் அழிந்தன.

மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. "இன்வர்லயன்" என்று ஒரு மீன்பிடிப் படகு. அதில் ஒரு சிறிய பீரங்கியை மறைத்து வைத்தார்கள். 1915 ஆகஸ்டு 15-ந்தேதி "யூபி-4" என்ற நீர்மூழ்கி, "சாதாரணப் படகுதானே!" என்று நினைத்து அருகில் வந்தது. மறைத்து வைத்த பீரங்கி முழங்கியது. நீர்மூழ்கி மூழ்கியது. அதில் இருந்த எல்லாரும் மாண்டார்கள்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1917-ல் அதே இன்வர்லயன் படகை இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்துவிட்டது.

மீனவர் கடலின் கண். ஆனால் அந்தக் கண்ணுக்கு இமை கிடையாது! கரையோரப் போரில் முதலில் பார்ப்பவரும் அவர்தான்; முதலில் அடிபடுபவரும் அவர்தான். நூறு ஆண்டுக்கு முந்திய இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

தரை வழியே கருங்கடலுக்கு!

முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. "இனி நீர்மூழ்கியே வைத்துக்கொள்ளக் கூடாது" என்று வென்ற நாடுகள் கட்டளை போட்டன. ஆனால் 1935-ல் ஜெர்மனி மறுபடி தொடங்கியது. எதில் தொடங்கியது? கரையோரச் சின்ன நீர்மூழ்கியில்தான்! மாலுமிகள் அதற்கு வைத்த பட்டப்பெயர், ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் தோணியின் பெயர். அவ்வளவு சிறியது! ஆனால் அந்தத் தோணிகளில் பழகியவர்கள்தான் பிறகு பெரிய நீர்மூழ்கிகளை ஓட்டினார்கள்.

1942-ல் அவற்றில் ஆறு கப்பல்களை வடகோடியில் இருந்து கருங்கடலுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பகுதி வழி ஆற்றில். ஒரு பகுதி வழி தரையில், பெரிய வண்டிகளில் ஏற்றி! கருங்கடலில் நீர்மூழ்கி வராது என்று நம்பியிருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

தென் கொரியா அழுத நாள்

"இதெல்லாம் பழைய கதை" என்று தள்ளிவிட முடியாது.

2010-ம் ஆண்டு மார்ச் 26-ந்தேதி இரவு. தென் கொரியாவின் "சியோனான்" போர்க்கப்பல் தன் கரை ஓரத்தில் காவல் சுற்றிக்கொண்டு இருந்தது. அந்த இடத்தில் ஆழம் 50 மீட்டர்கூட இல்லை. திடீரென்று பெரிய வெடிச்சத்தம். கப்பல் இரண்டாகப் பிளந்தது. 104 பேரில் 46 பேர் இறந்தார்கள்.

பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கடலுக்கு அடியில் டார்ப்பிடோவின் துண்டுகள் கிடைத்தன. வட கொரியாவின் ஒரு சின்ன நீர்மூழ்கிதான் அடித்தது என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். வட கொரியா மறுத்தது.

2010-ல் நவீனக் கருவிகள் எல்லாம் இருந்தன. அப்படியும் சின்ன நீர்மூழ்கியை ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

ஆயிரங்கால் மண்டபத்தில் கூப்பிட்டால்...

கடலுக்குள் கண் பார்வை போகாது. ரேடாரும் வேலை செய்யாது. காது ஒன்றுதான் துணை. ஒலியை அனுப்பி, அது எதிலாவது மோதித் திரும்புவதைக் கேட்டு, "அங்கே ஏதோ இருக்கிறது" என்று அறிவார்கள். இந்தக் கருவிக்கு "சோனார்" என்று பெயர்.

வெட்டவெளியில் நின்று கூப்பிட்டால் எதிரே ஒரு பாறை இருந்தால் எதிரொலி தெளிவாகக் கேட்கும். மீனாட்சி அம்மன் கோவில் ஆயிரங்கால் மண்டபத்தில் நின்று கூப்பிட்டால்? சுவரிலும் தூணிலும் கூரையிலும் மோதி, எந்தப் பக்கம் இருந்து குரல் வருகிறது என்றே தெரியாது!

ஆழ்கடல் என்பது வெட்டவெளி. ஆழம் குறைந்த கடல் என்பது மண்டபம். அங்கே ஒலி தரையில் மோதும், நீரின் மேல்பரப்பில் மோதும், பாறையில் மோதும். படகுகளின் சத்தம் வேறு. மேல் தண்ணீர் சூடாகவும் கீழ்த் தண்ணீர் குளிர்ச்சியாகவும் இருந்தால் ஒலி வளைந்து போய்விடும். சின்ன நீர்மூழ்கி அடித்தரையில் அசையாமல் படுத்துக்கொண்டால் பாறை போலவே தோன்றும்.

பெரிய போர்க்கப்பல் அங்கே வந்து தேடவும் முடியாது, தரை தட்டிவிடும். அதனால்தான் அர்னாலா போன்ற கப்பல்கள் தேவைப்படுகின்றன. அவை தண்ணீரில் 3 மீட்டர் ஆழம்கூட இறங்குவதில்லை. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடுகின்றன. அர்னாலா உருவானதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளித் தளத்தில் அது கட்டப்பட்டது.

பாக் நீரிணை பாதுகாப்பானதா?

இனி, மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கடலைப் பார்ப்போம்.

வைகை ஆறு போய்ச் சேரும் பக்கம் பாக் விரிகுடா. அங்கே ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. இந்தியாவின் "கல்வரி" வகை நீர்மூழ்கியின் உயரமே சுமார் 12 மீட்டர். அவ்வளவு பெரிய கப்பல் அங்கே வந்து ஒளிய முடியாது. இது ஓர் ஆறுதல்தான்.

ஆனால் ராமேசுவரத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. அங்கே தெற்கே போகப் போக ஆழம் ஆயிரம் மீட்டரையும் தாண்டுகிறது. தூத்துக்குடித் துறைமுகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆளே இல்லாமல் தண்ணீருக்குள் ஓடும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. 2025 டிசம்பரில், இப்படிப்பட்ட கருவியால் ரஷியத் துறைமுகத்தில் நின்ற நீர்மூழ்கி ஒன்றைத் தாக்கியதாக உக்ரைன் அறிவித்தது. சேதம் எதுவும் இல்லை என்று ரஷியா மறுத்தது. யார் சொல்வது சரியாக இருந்தாலும் ஒன்று நிச்சயம். 14 பேர் தேவைப்பட்ட இடத்தில் இனி ஒருவர்கூடத் தேவை இல்லை. 28 மீட்டர் கப்பல் ஒளிய முடியாத இடத்திலும் சில மீட்டர் கருவி ஒளிந்துகொள்ளும்!

ஆகவே, ஆழம் இல்லாத கடல் கோட்டைச் சுவர் ஆகாது. அது திறந்து கிடக்கும் கொல்லைப்புறம்.

அந்தக் கொல்லைப்புறத்துக்குக் காவல் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் "பருந்து" என்ற கடற்படை விமானத் தளம் 2009-ல் ஏற்பட்டது. நெல்லைச் சீமையில் விஜயநாராயணத்தில் 1990-ல் "கட்டபொம்மன்" நிலையம் ஏற்பட்டது. வானளாவிய கோபுரங்கள் நிற்கும் அந்த இடத்தில் இருந்துதான் கடலுக்குள் இருக்கும் இந்திய நீர்மூழ்கிகளுக்குச் செய்தி போகிறது.

கண்ணுக்கு இமை வேண்டாமா?

தளமும் கப்பலும் போதுமா? போதாது. இரவும் பகலும் அந்தக் கடலில் இருப்பவர்கள் மீனவர்கள். புதிதாக ஒன்று மிதந்தாலும், வலையில் புரியாத பொருள் சிக்கினாலும் முதலில் அறிபவர்கள் அவர்கள்தான்.

அவர்களுக்கு ஆபத்து எதிரியிடம் இருந்து மட்டும் வருவது இல்லை. 2024-ம் ஆண்டு நவம்பர் 21-ந்தேதி கோவாவுக்கு அப்பால் "மார்த்தோமா" என்ற மீன்பிடிப் படகும், இந்தியக் கடற்படையின் "கரஞ்ச்" நீர்மூழ்கியும் மோதிக்கொண்டன. படகில் 13 பேர் இருந்தார்கள். 11 பேர் மீட்கப்பட்டார்கள். மற்ற இருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

போர் இல்லாத நாளில், சொந்த நாட்டுக் கப்பலுடன் மோதியே இந்தக் கதி! கரையோரக் கடலில் காவல் கப்பல்கள் கூடக் கூட, மீன்பிடிப் படகும் போர்க்கப்பலும் ஒரே இடத்தில் புழங்குவதும் கூடும்.

2024 ஆகஸ்டு 30-ந்தேதி மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் "டிரான்ஸ்பாண்டர்" என்ற கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டம். செலவு சுமார் 364 கோடி ரூபாய். படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குத் தெரியும். ஆபத்து என்றால் படகில் இருந்து செய்தி அனுப்பலாம். கரையில் இருந்தும் எச்சரிக்கலாம்.

16 கப்பலுக்கு 12,600 கோடி. ஒரு லட்சம் படகுக்கு 364 கோடி. இரண்டும் தேவைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், குறைந்த செலவில் நிறைய உயிரைக் காப்பது எது என்று சிறுவனுக்கும் விளங்கும். கருவியைப் பொருத்தினால் மட்டும் போதாது. அது எல்லாப் படகிலும் ஓட வேண்டும். மீனவர் சொல்லும் செய்தியை மதித்துக் கேட்கும் அதிகாரி கரையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது செப்டம்பர் 22

1914 செப்டம்பர் 22-ல் சென்னை எரிந்தது. அதே நாளில் ஐரோப்பாவில் மூன்று கப்பல்கள் மூழ்கின. இன்னொரு செப்டம்பர் 22-ம் உண்டு. 1986-ம் ஆண்டு அதே தேதியில் "சிசுமார்" என்ற நீர்மூழ்கி இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அது கட்டப்பட்ட இடம் எது தெரியுமா? ரெயிலில் போன நீர்மூழ்கிகள் பிறந்த அதே கீல் நகரம்!

அன்று ஒளிந்து வந்து அடித்த நாட்டிடம் இருந்தே இந்தியா ஒளியும் வித்தையை வாங்கியது. இப்போது ஒளிந்திருப்பவனைப் பிடிக்கும் கப்பலைத் தானே கட்டுகிறது.

மதுரைச் சந்தையில் மீன் வாங்கும்போது விலையைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அந்த மீனைப் பிடித்தவர் இரவெல்லாம் விழித்திருந்தவர். வலையோடு சேர்த்து, கடலையும் பார்த்துக்கொண்டு இருந்தவர். அவர் பத்திரமாக வீடு திரும்பினால்தான் கரைக்குக் காவல் இருக்கிறது என்று பொருள்!